முன்னூற்று ஐம்பதா, நானூற்று ஐம்பத்து நாலா

டிஃபையன்ஸ், ஒஹாயோ
ஜனவரி 12, 1997

ஆர்லீன்,

ஃபோனில் கூப்பிட்டுவிட்டு மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்காதே, சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுது என்றாய். எழுதுகிறேன்.

இங்கே கடும் குளிர். ஷெட்டில் ஹீட்டர் வைத்திருக்கிறேன். ட்ராயின் கார் அங்கேதான் நிற்கிறது. பெயின்ட், பிரேக், கியர் பாக்ஸ், சீட் எல்லாம் முடிந்துவிட்டன. எஞ்சின் உட்கார வேண்டிய இடம் மட்டும் காலி. அந்த எழுபதாம் வருஷத்து ஷெவெல்லை நானும் அவனும் இழுத்துக்கொண்டு வந்தபோதே எஞ்சின் செத்திருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். முந்தைய ஆள் தண்ணீரை வடிக்காமல் விட்டதால் குளிர்காலத்தில் உறைந்து வெடித்துப்போன எஞ்சின்.

பழைய எஞ்சினைத் தேடி அலைகிற உத்தேசம் இல்லை. முழுசாகப் பூட்டி, மரப்பெட்டியில் வைத்து அனுப்புகிறார்களே, அந்தப் பெட்டி எஞ்சின்தான். பெட்டியைப் பிரித்தால் நேரே காரில் இறக்க வேண்டியது. அதில் இரண்டு இருக்கிறது. ஒன்று 350 கன அங்குலம். இன்னொன்று 454. பெரியது இழுக்கிற இழுப்புக்கு டயர் தேயும். ஆனால் மூக்கில் நூற்றைம்பது பவுண்டு கூடுதல் கனம், வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. சின்னது நல்ல பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் செய்யும். ஆனால் மிதித்தால் முதுகில் அறை விழாது. எட்டு வருஷம் இதையேதான் நானும் அவனும் பேசினோம்.

அவனிடம் கடைசியாகப் பேசியது அக்டோபர் ஆறு, ஞாயிற்றுக்கிழமை. எஞ்சின் விஷயத்தில்தான் சண்டை. நான் கத்தினேன். அவன் ஃபோனை வைத்துவிட்டான். ஒன்பது நாள் கழித்து, புயலில் அறுந்த கரண்ட் லைனை இழுத்துக் கட்டப் போன கரோலினாவில், கம்பத்தின் மேலேயே முடிந்துவிட்டது.

உன் அக்கா லோயிஸ் கிறிஸ்துமஸ் கார்டில் எழுதியிருந்தாள். அவன் தங்கியிருந்த மோட்டலிலிருந்து உனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறானாம். அதை அனுப்பு என்று கேட்கவில்லை. அதில் எஞ்சினைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறானா, அதை மட்டும் சொல். எதைச் சொல்லியிருக்கிறானோ அதைப் போடுகிறேன்.

டெல்


டூசான், அரிசோனா
ஜனவரி 20, 1997

டெல்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிள்ளை போய் மூன்று மாதம் ஆகிறது. ஒரு பக்கம் முழுக்க எஞ்சின். "நீ எப்படி இருக்கே?" என்று ஒரு வரி உண்டா? எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இருபத்து மூன்று வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியவள் நான்.

அடக்கம் நடந்த அன்றைக்கு நீ என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? கல்லறையில் எல்லோரும் நிற்கும்போது அவனுடைய ஃபோர்மேனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாய். சரி, பிள்ளை எப்படிப் போனான் என்று கேட்கிறான் போலிருக்கிறது, பாவம், கேட்கட்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து பார்த்தால், "உங்க லாரியில டீசல் எஞ்சினா, பெட்ரோல் எஞ்சினா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். அந்த மனுஷன் முகம் போன போக்கை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கடிதம் வந்தது உண்மைதான். அடக்கம் முடிந்து இங்கே திரும்பினேன், தபால் பெட்டியில் கரண்ட் பில்லோடு கிடந்தது. அவன் கையெழுத்து. உயிரோடு இருக்கிறவன் எழுதுகிற மாதிரி "அம்மா, சாப்பிட்டியா"ன்னு ஆரம்பிக்கிறது. தபால் பெட்டியருகிலேயே நின்று படித்தேன். லோயிஸ் வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவள் உனக்கு எழுதியிருக்கக் கூடாது. வாயில் ஒன்றும் தங்காது அவளுக்கு.

அது எனக்கு எழுதியது. அதில் என்ன இருந்தால் உனக்கு என்ன? காரை யாருக்காவது கொடுத்துத் தொலை. ஷெட்டைப் பூட்டு.

நான் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போகிறேன், நானூறு பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறேன், வருகிறேன், டி.வி. போடுகிறேன். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ஆர்லீன்


டிஃபையன்ஸ்
பிப்ரவரி 2, 1997

ஆர்லீன்,

நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்ன பிறகு கேட்பது மரியாதையாக இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

ஃபோர்மேனிடம் அப்படிக் கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. நீ சொன்னால் கேட்டிருப்பேன். அன்றைக்கு வந்தவர்கள் யார் என்றே ஞாபகம் இல்லை. ஹாம் சாண்ட்விச் கொடுத்தார்கள், அதில் உப்பு இல்லை. அதன் பிறகு எதிலும் உப்பு இல்லை. டாக்டரிடம் போனேன், நாக்கில் ஒன்றும் கோளாறு இல்லை என்றார்.

வார்ப்பாலையில் வேலை நடக்கிறது. ஒரு நாளும் லீவு போடவில்லை. காய்ச்சின இரும்பு பக்கத்தில் ஓடும்போது முகம் சுட வேண்டும். சுடுகிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். பயல்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கார் உதிரிபாகக் கடை மெர்ல் ஒருத்தன்தான் பழைய மாதிரி வாயாடுகிறான். போன சனிக்கிழமை கவுண்டரில் நின்று கேட்லாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "டேய் டெல், எட்டு வருஷமா அந்தப் புஸ்தகத்தையே தடவிக்கிட்டிருக்கே, அது குட்டி போடாதுடா"ன்னான். பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டு, "எதுன்னு சொல்லு, நானே பெட்டியைக் கொண்டாந்து எறக்கித் தர்றேன்" என்றான். கேட்லாக்கை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரியாதே.

நீ கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். எனக்கு என்ன என்றால், கடைசியில் நான் அவனிடம் பேசியது கத்தல். அதன் மேல் ஒன்றும் வைக்க முடியவில்லை. அவன் கேட்டது எதுவோ அதை வாங்கிப் போட்டுவிட்டால், கத்தினதற்குப் பிறகு ஒரு காரியம் நடந்தது என்றாவது இருக்கும். அவனுக்குச் சின்னதுதான் வேண்டும் என்றால் சின்னதையே போடுகிறேன். நான் முப்பது வருஷமாகப் பெரிய எஞ்சின் பிளாக் வார்க்கிறவன், எனக்குச் சின்னது ஒத்து வராது என்று உனக்கே தெரியும். இருந்தாலும் போடுகிறேன்.

ஒரு வார்த்தை போதும். தபால் அட்டையில் எழுது.

டெல்


(தபால் அட்டை)

டூசான், பிப்ரவரி 11

350. சின்னது. அதைத்தான் எழுதியிருந்தான். இனி கேட்காதே.

ஆ.


டிஃபையன்ஸ்
மார்ச் 9, 1997

ஆர்லீன்,

பெட்டி வந்துவிட்டது.

உன் அட்டை வந்த அன்றே மெர்லிடம் போனேன். "350"ன்னேன். கேட்லாக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாடா?" என்றான். பையன் கேட்டது என்றேன். உடனே பேனாவை எடுத்து ஆர்டர் எழுதினான்.

வார்ப்பாலையில் விஷயம் பரவிவிட்டது. கேலி தாங்கவில்லை. "என்னப்பா டெல், தையல் மிஷினாமே?" "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறதுக்கா?" என்று மதியச் சாப்பாட்டில் நாலு பக்கமும். நாலு மாதமாக என் பக்கத்தில் உட்காராமல் இருந்தவர்கள் கேலி பண்ணுவதற்காக வந்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு பெரிய பிளாக்கின் படத்தை வெட்டி என் லாக்கரில் ஒட்டி, கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பிறகு அது தப்பு என்று தோன்றியதோ என்னவோ, ரிப்பனை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

பெட்டியை நானும் மெர்லும் பிரித்தோம். ஆணி, பலகை, மெழுகுத் தாள், பிளாஸ்டிக் உறை. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் புத்தம் புதுசாக இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்க் கறை கிடையாது. மெர்ல் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் அன்றைக்கு ஆறு மணி நேரம் தூங்கினேன். அக்டோபருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்த ஒற்றை வார்த்தை எனக்கு என்ன செய்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. மோட்டல் அறையில் உட்கார்ந்து அந்தக் காரைப் பற்றி நினைத்திருக்கிறான். அது போதும்.

ஒன்றே ஒன்று. எந்த வார்த்தையில் எழுதியிருந்தான்? அந்த ஒரு வரியை மட்டும் அப்படியே எழுதி அனுப்ப முடியுமா?

டெல்


டூசான்
மார்ச் 18, 1997

டெல்,

இனி கேட்காதே என்று எழுதினேன். மறுபடியும் கேட்கிறாய். சரி.

"அப்பா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு, இருந்தாலும் சின்னதுதான்"னு எழுதியிருந்தான். இவ்வளவுதான் வரி.

நீ தூங்கினதைக் கேட்டு எனக்கும் ஒரு மூச்சு வந்தது. நான் உன்னைத் திட்டி எழுதினாலும், அந்த வீட்டில் தனியாக நீ டப்பாவைத் திறந்து பீன்ஸ் தின்றுகொண்டிருப்பாய் என்பது எனக்குத் தெரியாதா? அடுப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றவை. லோயிஸ் செய்கிற மாதிரி கோழியும் நூடுல்ஸும் போட்டு வேகவை, ஒரு தடவை வைத்தால் மூன்று நாள் வரும். உப்பு தெரியாவிட்டாலும் போட்டுத் தின்னு.

இங்கே போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்தது. சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பும் இனிப்பு சினமன் ரோலும் போடுகிற நாள். ஒஹாயோக்காரி என்பதால் நான்தான் அதை மெனுவில் சேர்த்தேன், இங்கே உள்ளவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். ஒரு பையன் ரோலைக் கிழித்து சில்லியில் தொட்டுத் தின்கிறான். ட்ராய் அப்படித்தான் தின்பான். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை கத்துகிறது. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த தட்டில் ஊற்றினேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆகிவிட்டோம் போலிருக்கிறது. இருபத்து மூன்று வருஷத்தில் ஆகாதது இப்போது.

ஆர்லீன்


டிஃபையன்ஸ்
ஏப்ரல் 6, 1997

ஆர்லீன்,

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது.

அந்த வரியை ஒரு அட்டையில் எழுதி ஷெட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். படிக்கும்போது அவன் குரல் கேட்கிற மாதிரி இருக்கிறது.

சின்ன எஞ்சினை நான் மட்டமாகப் பேசியது தப்பு. இறக்கினதும் முன்பக்க ஸ்பிரிங் அரை அங்குலம்தான் தாழ்ந்தது. கையை விட்டு எல்லா இடத்தையும் தொட முடிகிறது. பெரியதாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கை மாற்றவே முழங்கையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டி வளைவில் அழகாகத் திரும்பும். பையன் யோசித்துத்தான் சொல்லியிருக்கிறான். நான்தான் காது கொடுக்கவில்லை. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை.

அவன் ஃபோனில் ஒன்று சொன்னான், பிறகு மனசை மாற்றிக்கொண்டு உனக்கு வேறு மாதிரி எழுதியிருக்கிறான். அதுதான் எனக்கு முக்கியம். மாற்றிக்கொண்டான் இல்லையா?

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. அவனுக்கு இருபத்தேழு முடிகிற நாள். அன்றைக்குக் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணப் போகிறேன். மெர்ல் வருகிறான், வார்ப்பாலையிலிருந்து ஏழெட்டு பேர் வருகிறார்கள். யாரோ டோனட் கொண்டுவருகிறார்களாம்.

கார் அவன் பெயரில் இருக்கிறது. அவனுக்கு வேறு யாரும் இல்லாததால் பெற்றவர்கள் இரண்டு பேர் பெயருக்கும் மாற்ற வேண்டும் என்று கோர்ட்டில் சொல்கிறார்கள். காகிதம் இதோடு வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூனில் லீவு எடுத்துக்கொண்டு டூசானுக்கு ஓட்டிக்கொண்டு வருகிறேன். நீ ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம்.

டெல்


டூசான்
ஏப்ரல் 14, 1997

டெல்,

காகிதம் மேஜையில் கிடக்கிறது. மூன்று தடவை பேனாவை எடுத்தேன். போட முடியவில்லை. ஒரு பொய்க்குக் கீழே என் பெயரை எழுத என்னால் ஆகாது.

நான் பொய் சொன்னேன். அட்டையில் எழுதினதும் பொய், அந்த வரியும் பொய். அவன் 350-ஐயும் கேட்கவில்லை, 454-ஐயும் கேட்கவில்லை. நீ விடாமல் கேட்டாய், ஒரு நம்பரைச் சொன்னால் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். உன்னைக் காயப்படுத்த வேண்டாம் என்றும் நினைத்தேன். நீ சுவரில் ஒட்டுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? முட்டாள், எதற்கு ஒட்டினாய்?

அவன் எழுதினதை அப்படியே எழுதுகிறேன். இதில் ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை.

"அம்மா, காரை வித்துடலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட நீ சொல்லாதே, நானே நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன். எனக்கு அந்தக் கார் மேல எப்பவுமே ஆசை இருந்தது கிடையாது. பதினெட்டு வயசுல அப்பா முகத்தைப் பாத்துட்டு வேணும்னு சொல்லிட்டேன். அப்புறம் எஞ்சின் பேச்சை எடுத்தாத்தான் அவரு ஃபோன்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல இருப்பாரு. வேலை எப்படி, கை எப்படின்னு ஒண்ணும் கேக்க மாட்டாரு, 'சரி, அம்மாகிட்ட பேசு'ன்னு வச்சுடுவாரு. நீ போனதுக்கப்புறம் அதுவும் இல்லை. 350ன்னு சொன்னா போதும், அரை மணி நேரம் பேசுவாரு. அவரு 350ன்னு எறங்கி வந்தா நான் 454ன்னு மாத்திடுவேன். எட்டு வருஷமா இப்படியே ஓட்டிட்டேன். இப்ப களைப்பா இருக்கு."

இவ்வளவுதான் உன்னைப் பற்றி. மிச்சம் சாப்பாடு, மழை, ஈரக் காலுறை.

ஆறு மாதமாக இதை நான் வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தேன். இப்போது உன் வயிற்றில் இறக்கிவிட்டேன். இது உன்னிடம் பத்தொன்பதுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று தெரியவில்லை. பின்னால் வந்தால் நல்லது. ஃபோன் பண்ணலாமா என்று யோசித்தேன். என் வாயால் இதைச் சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொன்ன பிறகு போடுகிறேன்.

ஆர்லீன்


டிஃபையன்ஸ்
மே 4, 1997

ஆர்லீன்,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். வர வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. டோனட் இரண்டு பெட்டி. மெர்ல் எண்ணெய் ஊற்றினான், ரேடியேட்டரை நிரப்பினான். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இந்த மாதிரி எஞ்சினுக்கு முதல் இருபது நிமிஷம்தான் ஆயுசு. ஸ்டார்ட் ஆன அந்த நொடியே மிதித்து, இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஏற்றி, இருபது நிமிஷம் காலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் போதுமான அளவுக்குத் தெறிக்கும், அதன் மேல் ஓடுகிற டேப்பட்டுகளும் அதுவும் ஒன்றுக்கொன்று பழகும். மிதிக்காமல் ஐட்லிங்கில் விட்டால் இரும்பும் இரும்பும் காய்ந்து உரசித் தேய்ந்துவிடும். கார் வேலை தெரிந்த எவனும் இதைச் செய்ய மாட்டான். பெட்டியில் வந்த காகிதத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது.

நான் மிதிக்கவில்லை.

கால் பெடலின் மேல்தான் இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, நல்ல சத்தம். மெர்ல், "மிதிடா"ன்னான். பிறகு, "டெல், மிதிடா, என்னடா பண்றே!"ன்னு கத்தினான். நான் கையைக் காட்டி, சும்மா இரு என்றேனாம். மற்றவர்கள் நான் எதையோ காது கொடுத்துக் கேட்கிறேன் என்று நினைத்து நின்றுவிட்டார்கள், முப்பது வருஷக்காரன் ஆயிற்றே. நான் எதையும் கேட்கவில்லை. மனசில் ஒன்றுமே ஓடவில்லை. நாலு நிமிஷமோ ஐந்தோ. பிறகு உள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம் எழுந்தது. மெர்ல் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தான். ஒருத்தர் ஒருத்தராகக் கிளம்பிப் போனார்கள். டோனட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் பிரித்துப் பார்த்தோம். கேம் ஷாஃப்ட்டில் மூன்று இடம் மழுங்கிவிட்டது. எண்ணெயில் இரும்புத் தூள். "புது எஞ்சினை நீயே கொன்னுட்டியேடா"ன்னு மெர்ல் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னான்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ பொய் சொன்னாய் என்று அடித்துக்கொள்ளாதே, நானும் சொன்னேன். அக்டோபர் ஆறாம் தேதி சண்டை எஞ்சினுக்காக இல்லை. காரை விற்கப்போகிறேன் என்று அன்றைக்கே அவன் என்னிடம் சொல்லிவிட்டான். நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தானாம், பேச்சுவாக்கில் வாயில் வந்துவிட்டது என்றான். நீ வருத்தப்படுவாய் என்றுதான் அதை மறைத்து, இனிமேல்தான் என்னிடம் சொல்லப்போவதாக உனக்கு எழுதியிருக்கிறான் போலிருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப இனிமே எதுக்குடா எனக்கு ஃபோன் பண்ணப் போறே?"ன்னு கத்தினேன். அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

உன்னிடம் எஞ்சினைப் பற்றி விடாமல் கேட்டது அதற்காகத்தான். எந்த எஞ்சின் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும், விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டான், என்னை மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாம். நீ 350 என்றாய். எடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் தூங்கினேன். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

விற்கப்போகிறான் என்பது எனக்குத் தெரியும். ஆசையே இருந்ததில்லை என்பதும், அந்த ஐந்து நிமிஷக் கணக்கும்தான் எனக்குத் தெரியாது. நாங்கள் எஞ்சினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேன். அவன் வேறு எதைப் பற்றியாவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேனா என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். பேசியிருக்க மாட்டேன். அவன் சொன்னது சரி.

கேம் ஷாஃப்ட்டை மாற்றி, மெர்லே மிதித்து இருபது நிமிஷம் ஓட்டிக் கொடுத்துவிட்டான். எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஃபோர்ட் வெய்னிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். ஓட்டிப் பார்த்தாள், பிடித்துவிட்டது. அவன் விற்க நினைத்தான், விற்றுவிடலாம். இந்தத் தடவை காகிதத்தில் கையெழுத்துப் போடு.

ஷெட் காலியாகிவிடும். அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்த பிறகு வேறொன்றுதான் தெரிகிறது. கார் இல்லை என்றால் அவனுக்கு எதுதான் பிடிக்கும், ஆர்லீன்? ரோலைச் சில்லியில் தொட்டுத் தின்பான் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிகிறது, அதே மேஜையில் எதிரே உட்கார்ந்து பதினெட்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். கை எப்படி என்று கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறானே, அவன் கையில் என்ன? எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

டெல்